ஒரு மண்டலம் வெறுந்தொட்டி

அண்ணனூரில் ஏறினால், சென்னை சென்ட்ரல் போகிற லோக்கல் வண்டி கடைசியாக நிற்கும் இடத்துக்கு ரயில்வே கொடுத்திருக்கும் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். தினமும் அங்கே இறங்கி ஓடுகிறவர்களில் பலர் அந்த மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் இல்லை. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டி, 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். 1985 மே 30ஆம் தேதி எரிந்து போனது. அதற்கு முன் அங்கே பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, யாரோ போட்டுக் கழித்த கோட்டு, கிளி, லவ் பேர்ட்ஸ், முயல் என்று எல்லாம் கிடைக்கும். நான் போனது மீனுக்காக. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு ஒன்றாக ஃபைட்டர் மீனைப் போட்டு, ஒன்றையொன்று பார்த்துச் சிலிர்க்காமல் இருக்க நடுவில் அட்டை செருகி வைத்திருப்பார்கள். அட்டையை எடுத்துக் காட்டுவதுதான் விற்பனை வித்தை.

"கடல் மீன் இருக்காண்ணே?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் ஒரே பதில்தான்: "அது நிக்காது தம்பி."

கப்பி நிற்கும், மோலி நிற்கும், கோல்டு ஃபிஷ் பார்த்து வைத்தால் நிற்கும். கடல் மீன் இரண்டு நாள் நீந்தும், மூன்றாம் நாள் மேலே மிதக்கும். ஏன் என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உப்பு சரியில்லை என்பார் ஒருவர், காற்று போதவில்லை என்பார் இன்னொருவர். கடலை விட்டு வந்த ஏக்கம் என்று சொன்னவரும் உண்டு. உண்மைக் காரணம் அந்த வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் கண்டு சொன்னது மட்டும் சரி. மீன் நிற்கவில்லை.

அதே ஊரில் 1909 முதல் 1942 வரை கடல் மீன்கள் நின்றிருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இல் வந்த எட்கர் தர்ஸ்டன் கடல் விஷயத்தில் தீராத ஆசை உள்ளவர். முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி எழுதியவர். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் அலைந்து சேகரித்தவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகளுக்காகத்தான் இன்று அவரை ஏசுகிறார்கள் அல்லது மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தத் தொகுதிகள் வெளிவந்த அதே 1909இல், அவர் யோசனையில் பிறந்த கடல் மீன் காட்சியகம் மெரினா கடற்கரையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்லிவந்த பட்டணத்து ஜனங்களுக்கு மூன்றாவதாக ஒரு வேடிக்கை சேர்ந்தது. ஆசியாவிலேயே முதல் என்று இதைச் சொல்வதுண்டு. டோக்கியோவில் உயேனோ பூங்காவுக்குள் 1882லேயே மீன் பார்க்கும் கூடம் இருந்ததால், நான் அந்தப் பெருமையை அவ்வளவாக அழுத்துவதில்லை. 1919இல் காட்சியகம் மீன்வளத் துறைக்குக் கைமாறியது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணமே காலியானபோது, மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்து உயிர் காலேஜில் சிங்கம் புலியைச் சுட்டுக் கொன்றார்கள். மெரினாவில் மீன் தொட்டிகளை மூடினார்கள். குண்டுப் பயம் போன பிறகும் அது திறக்கவில்லை.

மெரினாவில் நின்ற மீன் மூர் மார்க்கெட்டில் ஏன் நிற்கவில்லை? மெரினாவில் கடல் வாசலிலேயே இருந்தது. மீன் தின்கிறது, செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும். கடற்கரைத் தொட்டியில் பழைய தண்ணீரைத் தள்ளிவிட்டுப் புதிய தண்ணீரை ஏற்றலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால் அம்மோனியாவுக்குப் போக இடமில்லை. அது திரும்ப மீனின் செவுளையே அரிக்கும்.

அப்படியானால் பாட்டிலுக்குள் ஃபைட்டர் மட்டும் எப்படி நின்றது? இதில்தான் உப்புத் தண்ணீரின் சூது இருக்கிறது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, மற்றது கொல்லும். பி.எச். 7 உள்ள நல்ல தண்ணீரில் கொல்லும் வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடல் தண்ணீரின் பி.எச். 8.2. அதே அளவு அம்மோனியா இருந்தாலும் கொல்லும் பங்கு அங்கே பத்து மடங்குக்குக் குறையாது. போதாததற்கு ஃபைட்டர் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிப் பிழைக்கிற சாதி. பவளப்பாறை மீனுக்கு அந்த வசதி கிடையாது. கடைக்காரர்கள் கண்ணால் கண்டதை அப்படியே சொன்னார்கள், அவ்வளவுதான்.

அண்ணனூரிலிருந்து கடல் சுமார் இருபது கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்து கடல் மீன் வளர்க்க வேண்டுமென்றால், அம்மோனியாவைத் தின்று தீர்க்கிற ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே வளர்த்தாக வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கிளினிக்குகளிலும் வீடுகளிலும் கடல் தொட்டி பராமரிப்பதே எனக்குப் பொழுதாகிவிட்டது. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு மண்டலம், என் கணக்கில் நாற்பது நாள், வெறும் தொட்டி. தண்ணீர், உப்பு, கல், பம்பு எல்லாம் ஓடட்டும். மீன் மட்டும் வேண்டாம்.

திருமுல்லைவாயிலில் ஒரு பையன், ஐ.டி. வேலை, தொட்டி வாங்கிய அன்றே நீமோ வேண்டும் என்று நின்றான். 2003இல் வந்த அந்தக் கார்ட்டூன் படத்துக்குப் பிறகு கோமாளி மீனுக்கு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது.

"அங்கிள், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னும் எதுக்கு வெயிட் பண்ணணும்?"

"கண்ணாடி மாதிரி இருக்கிறதாலதான் தம்பி. அதுல ஒண்ணுமே இல்ல."

"ஃபில்டர் ஓடுதே!"

ஃபில்டர் ஓடுகிறது, சரி. ஃபில்டரில் குடியிருக்க வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. அவர்கள் வருவதற்குத்தான் நாற்பது நாள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பையனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் அப்பா காபி கொண்டுவந்து வைத்து, நான் குடித்து, அவர் டம்ளரை எடுத்துப்போன பிறகும் அது முடியவில்லை. அதையே இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் மருந்துச் சரக்கு செய்யும் இடமொன்றில் வேதியியலாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் ஒரு பாத்திரத்தில் தங்க மீன், வேலம்பாசி போன்ற ஒரு நீர்ச்செடி, நத்தை மூன்றையும் வைத்து, தண்ணீர் மாற்றாமலே உயிரோடு நிற்க வைத்துக் காட்டினார். செடி பிராணவாயு கொடுக்கும், நத்தை அழுகலைத் தின்னும், மீன் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதும் பித்துப் பிடித்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ், கடல் தொட்டி பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறவர்களுக்காக, உப்புகளைக் கலந்து கடல் தண்ணீர் செய்யும் முறையும் அப்போதே வந்துவிட்டது. சமையல் உப்பைக் கரைத்தால் கடல் ஆகாது, மெக்னீசியமும் கால்சியமும் வேண்டும் என்பது அன்றே தெரிந்த சங்கதி. வண்ண மீன் வியாபாரம் நடக்கிற கொளத்தூரில் இன்றும் ஒருவராவது கல் உப்பு மூட்டையோடு வந்து விளக்கம் கேட்காமல் இருப்பதில்லை.

ஆனால் வாரிங்டனின் கணக்கில் ஓட்டை இருந்தது. பிராணவாயுவைப் பார்த்தார், அம்மோனியாவைப் பார்க்கவில்லை. தொட்டி நின்ற இடத்தில் செடிக்குப் புகழ் போனது. விழுந்த இடத்தில் மீன்காரன் மேல் பழி. அனுபவத்தால் பக்கத்தில் போனவர் ஒருவர் உண்டு: வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் அவர் அமைத்த காட்சியகத்தில், கண்ணுக்குத் தெரிகிற தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருட்டில் தரைக்குக் கீழே கட்டி, இரவும் பகலும் தண்ணீரைச் சுற்றவிட்டார். ஒரே கடல் தண்ணீரை வருஷக்கணக்கில் வைத்திருந்தார். பழைய தண்ணீரே நல்ல தண்ணீர் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்துவிட்டது. காரணம் தெரியாது.

காரணம் மீன் பக்கமிருந்து வரவில்லை. சாக்கடைப் பக்கமிருந்து வந்தது. 1877இல் பிரான்ஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் மணலையும் சுண்ணாம்புத் தூளையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இருபது நாள் வரை உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு, யாரும் எதையும் மாற்றாமலே, அம்மோனியா குறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைக் குழாய்க்குள் விட்டார்கள், நைட்ரேட் நின்றது. ஆவியை நிறுத்தி, கொஞ்சம் தோட்ட மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள், மறுபடி வந்தது. குளோரோஃபார்மில் மயங்குவது உயிருள்ளது மட்டும்தானே? ஆகவே மணலுக்குள் ஏதோ குடியேறியிருக்கிறது, அது குடியேற இருபது நாள் பிடித்தது.

கடல் தொட்டி வைக்கிற எவரும் அந்தக் குழாயைத்தான் கட்டுகிறார்கள். சுண்ணாம்புக் கல், மணல், மேலிருந்து வந்து விழுகிற தண்ணீர். 1877க்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நாம் உப்பு சேர்த்திருக்கிறோம் என்பதைத் தவிர. உப்புத் தண்ணீரில் இந்தக் குடியேற்றம் இன்னும் மெதுவாக நடக்கும். அதனால்தான் இருபது நாள் நாற்பதாகிறது.

கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் அடுத்து வருவது. ஷ்லோசிங்கின் செய்தியைப் படித்து, அதே வேலையில் பத்து வருஷத்துக்கும் மேல் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் பண்ணையில் மல்லாடியவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். தொட்டி வைத்த வாரிங்டனின் மகன்! அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகிறது, பிறகு நைட்ரேட்டாகிறது, இரண்டையும் செய்வது வேறு வேறு உயிர்கள் என்பது வரை கண்டுபிடித்தார். அந்த உயிர்களைத் தனியே பிரித்து எடுக்க மட்டும் முடியவில்லை. எல்லாக் கிருமிகளையும் வளர்ப்பது போல ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்தார், அவை வளரவில்லை. அப்பா தங்க மீன் வைத்திருந்த பாத்திரத்துக்குள்ளேயே அந்தக் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அப்பாவும் பார்க்கவில்லை, மகனும் பிடிக்கவில்லை.

பிடித்தவர் ரஷ்யரான செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890இல். இந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடே அம்மோனியாதான் என்று அவர் ஊகித்தார். ஜெலட்டின், சர்க்கரை, சூப்பு எதுவும் வைக்காமல், வெறும் தாது உப்புகளில் வளர்த்தார். வளர்ந்தன. மகன் வாரிங்டன் பட்டினி போடத் தெரியாமல் விருந்து வைத்தார் என்று சொல்லலாம்.

இந்த நைட்ரேட்டுக்குப் பின்னால் வெடிமருந்துக் கதையும் உண்டு என்பதை நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடக் கூடாது. நைட்ரேட்தான் வெடியுப்பு. மாட்டுத் தொழுவத்து மண்ணிலும் பழைய குடியிருப்புகளின் சுவரடி மண்ணிலும் பூத்த வெடியுப்பைக் கரைத்துக் காய்ச்சி எடுக்கிற தொழில் இந்தியாவில் பல நூற்றாண்டு நடந்தது. பீகார் வெடியுப்பைக் கும்பினி கப்பல் கப்பலாக ஏற்றிப்போனது. மூத்திரம் ஊறிய மண்ணை நைட்ரேட்டாக்கியது அதே கிருமிக் கூட்டம்தான். காய்ச்சியவர்களுக்கு எந்த மண் பழுத்தது, எந்த மண் இன்னும் ஆகவில்லை என்று தெரியும். அண்ணனூரில் எங்கள் தெரு போர் தண்ணீரை மீன் தொட்டிச் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தால் நைட்ரேட் நிறம் நன்றாகவே ஏறுகிறது. செப்டிக் டேங்குகளைச் சுற்றியுள்ள மண்ணில் ஷ்லோசிங்கின் குழாய் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தத் தண்ணீரைக் கடல் தொட்டிக்கு எடுக்க முடியாது, ஆர்.ஓ. தண்ணீர்தான்.

ஐரோப்பியர் இதைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள் என்றால், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் படிக்காமலே சுருக்கு வழி கண்டார். பக்கத்துப் பவளப்பாறையிலிருந்து உயிருள்ள கற்களை எடுத்துவந்து தொட்டியில் அடுக்கி, மெல்லிய காற்றுக்குமிழ் மட்டும் விட்டார். ஃபில்டர் கிடையாது. கல்லின் துளைகளுக்குள் கிருமிகள் ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததால், காத்திருக்க வேண்டியதில்லை. 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் அவர் இதை எழுதினார். இன்று உலகம் முழுவதும் 'லைவ் ராக்' என்று வியாபாரம் ஆகிறதே, அதன் தொடக்கம் அங்கே.

இந்த வழி நமக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை இருபத்தொரு தீவு, தீவைச் சுற்றிப் பவளப்பாறை. ஆனால் அந்தக் கல்லை நாம் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு ஆலைக்கும் வெட்டி அனுப்பினோம். வள்ளத்தில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. 1986இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் வெட்டுவது நிற்கவில்லை; 2004 சுனாமிக்குப் பிறகுதான் ஓய்ந்தது. இதற்கிடையில் 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. தொட்டிக்காகப் பவளக் கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பாம்பனில் ரயில் ஏறினால் ஜாமீனுக்கு அலைய வேண்டும். தொட்டி வைக்கிற இளைஞர்கள் இந்தச் சட்டத்தைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு தீவைத் தின்ற பிறகு மூன்றாவதைத் தொட்டிக்குக் கேட்பது நியாயமில்லை.

ஆக லீ சின் எங்கின் சுருக்கு வழி நமக்கு மூடியாயிற்று. நாம் மறுபடி 1877க்கே போனோம்: செத்த கல், வெறும் மணல், காத்திருப்பு. அமெரிக்காக்காரனுக்குக் காத்திருப்பது ஒரு விருப்பம். நமக்கு அது ஒன்றுதான் வழி. சென்னையில் கடல் தொட்டி வைக்கிற முறை இப்படி ஆனதற்குக் காரணம் மீனோ உப்போ இல்லை, ஒரு சட்டமும் அதற்கு முன் நடந்த ஒரு கொள்ளையும்தான் என்பது என் எண்ணம்.

மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைகள் பக்கத்து லில்லி பாண்ட் வளாகத்துக்குப் போயின. மீனின் பெருவியாபாரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்து கொளத்தூரில் நிலைத்தது. எனக்கு வில்லிவாக்கத்தில் இறங்கினால் போதும். ரெட்டேரிக்கும் செங்குன்றத்துக்கும் இடையே, அதைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளும் வீட்டுக் கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்கிற குடும்பங்கள் ஏராளம். கொளத்தூருக்கென்று வண்ண மீன் வர்த்தக மையம் கட்ட அரசே அறிவிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்தத் தொட்டிக்காரர்கள் புத்தகம் படிக்காமலே செய்கிற ஒரு காரியத்தைக் கவனித்திருக்கிறேன். புதுச் சிமென்ட் தொட்டியில் உடனே மீன் விடுவதில்லை. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, சாணி கரைத்து, ஊறவிட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி, தண்ணீர் பச்சை பிடித்த பிறகே குஞ்சு விடுகிறார்கள். சிமென்டின் காரம் அடங்குவதற்கு என்பார்கள். சாணியோடும் பச்சையோடும் வேறு என்னவெல்லாம் குடியேறுகிறது என்பது இப்போது நமக்குத் தெரியும். கஞ்சி ஊற்றிப் புது மண்சட்டியைப் பழக்குகிற வீட்டில் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சென்னைக் கடல் தொட்டிக்காரர்கள் முதலில் தண்ணீரையே கடலிலிருந்துதான் சுமந்தார்கள். காசிமேட்டில் படகுக்காரரிடம் சொல்லி, கேனில் நிரப்பி, ஆட்டோவில் ஏற்றி வருவார்கள். சித்திரை வைகாசியில் பரவாயில்லை. ஐப்பசி கார்த்திகை மழை கொட்டிய பிறகு ஆறுகள் எல்லாம் கடலில் விழுந்து, வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் நீர்த்துவிடும், ஹைட்ரோமீட்டர் 1.025 காட்ட வேண்டிய இடத்தில் இறங்கிப் போய் நிற்கும். இப்போது அநேகமாக எல்லோரும் பாக்கெட் உப்புதான். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கு.

அம்மோனியாவுக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மீன் இல்லாத தொட்டியில் கிருமிக்கு யார் சோறு போடுவது? பழைய வழக்கம், ஒரு மீனைப் பலி கொடுப்பது. மலிவான டாம்சல் மீன் ஒன்றை விட்டால், அது விடும் அம்மோனியாவில் கிருமி வளரும். மீன் பிழைத்தால் அதன் அதிர்ஷ்டம். அதை இன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்குப் பிடிக்காத வேலை. அடுத்தது இறால் வைத்தியம். உரித்த இறால் ஒன்றைத் துணியில் கட்டித் தொட்டியில் போட்டு அழுகவிடுவது. வேலை செய்யும். ஆனால் எங்கள் வீட்டில் அதைச் செய்தபோது நாலாம் நாள், "என்னாங்க, ஒண்ணு அந்த எறா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று தீர்ப்பு வந்தது.

நான் இப்போது போடுவது நவச்சாரம். ஆம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்ப்பாரே, புகை குப்பென்று கிளம்புமே, அதே நவச்சாரம். அம்மோனியம் குளோரைடு. தெருவில் ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சரக்கு மட்டும் நாட்டு மருந்துக் கடையில் இன்னும் கிடைக்கிறது. அது கட்டியாக, அழுக்கோடு இருக்கும் என்பதால் தொட்டிக்கு ஆய்வகத் தரத்தில் உள்ளதை வாங்கிக்கொள்கிறேன். நூறு லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டால் அம்மோனியா இரண்டு பி.பி.எம். வரும். நகைக் கடைத் தராசு போன்ற சின்னத் தராசு ஒன்று வேண்டும். கண்மதிப்பில் போடக் கூடாது. அதிகம் போட்டால் வேகமாக நடக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அளவு எகிறினால் கிருமிகளுக்கே அது தாங்காது, எல்லாம் ஸ்தம்பித்துவிடும்.

அதன் பிறகு நடப்பது ஷ்லோசிங் பார்த்ததுதான். முதலில் தொட்டித் தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டால் அம்மோனியாக் குழாய் கரும்பச்சையாகவே இருக்கும், நாள் தவறாமல். ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றுகிற காலம் இது. பாதிப் பேர் பொறுமையிழந்து மீன் வாங்கிவருவது இப்போதுதான். திடீரென்று பச்சை வெளிறத் தொடங்கும், நைட்ரைட் குழாய் ஊதா ஆகும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். கடல் தண்ணீரில் குளோரைடு ஏராளமாக இருப்பதால் மீனுக்குள் அது அவ்வளவு எளிதில் நுழையாது. ஆனாலும் அது இறங்கும் வரை பொறுப்பதே முறை. கடைசியாக, காலையில் போட்ட நவச்சாரம் மறுநாள் காலைக்குள் அம்மோனியாவும் காட்டாமல் நைட்ரைட்டும் காட்டாமல் தீர்ந்துபோனால் தொட்டி பழகிவிட்டது. நைட்ரேட் மட்டும் மிஞ்சும். பாதித் தண்ணீரை இறைத்து மாற்றினால் போதும்.

இந்தக் கிருமிகள் யார் என்பதில் விஞ்ஞானிகளே நூறு வருஷம் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருந்தது. மீன் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஹோவானெக் என்பவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அதுவரை பாட்டிலில் அடைத்து விற்ற பல சரக்குகளில் வேறு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். 2005இல் இன்னும் பெரிய ஆச்சரியம். அம்மோனியாவைத் தின்கிற, பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா இனத்து உயிரொன்றை முதன்முதலாகத் தனியே பிரித்தார்கள். கடல் முழுவதும் கோடானுகோடியாக இருக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது அது. அதைப் பிடித்த இடம் நடுக்கடல் இல்லை, அமெரிக்காவின் சியாட்டில் காட்சியகத்தில் வெப்பமண்டல மீன் தொட்டி ஒன்றின் அடிச்சரளை. நைட்ரோசோபூமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கொளத்தூரில் இப்போது பாக்டீரியா பாட்டில் எல்லாக் கடையிலும் இருக்கிறது. வேலை செய்யுமா என்று கேட்கிறார்கள். உயிரோடு வந்து சேர்ந்தால் செய்யும், நாளைப் பாதியாக்கும். கப்பலில் வந்து, கோடவுனில் கிடந்து, மே மாத வெயிலில் தகர ஷெட்டில் நின்ற பாட்டிலுக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. நான் நம்புவது, நன்றாக ஓடுகிற பழைய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு கைப்பிடி செராமிக் வளையம். ஷ்லோசிங் கரைத்து ஊற்றிய தோட்ட மண் மாதிரி. நோய் இல்லாத தொட்டியா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருமுல்லைவாயில் பையனுக்கும் என் தொட்டியிலிருந்து அந்த வளையங்களைத்தான் கொடுத்தேன். நவச்சாரம் ஒரே இரவில் தீர்ந்துபோகிற கட்டம் வந்ததும் போன் செய்தான். மன்னார் வளைகுடாவில் பிடித்த மீன் வேண்டாம், பொரிப்பகத்தில் பிறந்ததாகக் கேட்டு வாங்கு என்றேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு, கடலில் வலை போட வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப் பிறந்த குஞ்சு ஊட்டும் தீனியைக் கூசாமல் தின்னும், நிற்கும்.

"ஆறு வாங்கிடட்டுமா அங்கிள்? எல்லாம் ரெடியா இருக்குல்ல?"

இரண்டு வாங்கச் சொன்னேன். கிருமிகள் கிடைக்கிற சோற்றுக்குத் தக்க அளவில்தான் இருக்கும். இரண்டு மீன் விட்டு, அம்மோனியா பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்த ஜோடியை யோசிக்கலாம். அதுவரை தினமும் ஒரு வேளை, மீனின் கண் அளவுக்குச் சின்னதாகத் தீனி. மிஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். மீன் வந்த பிறகு நவச்சாரப் பொட்டலம் தொட்டி ஸ்டாண்டுக்குள் இருக்கக் கூடாது, வீட்டில் வேறு யாராவது உப்பென்று நினைத்துப் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்லி வைத்தேன்.